எண் 2622

நியூயார்க் நகரத் தெருவொன்றில் 1916ஆம் ஆண்டு பால் ஸ்ட்ராண்ட் பார்வையற்ற பெண்மணி ஒருவரைப் படமெடுத்தார். உருவப்படம் பெரும்பாலும் நிழற்பட நிலையத்தில் விரும்பி அமர்ந்தோர்க்கே உரியதாயிருந்த காலம் அது. ஸ்ட்ராண்டோ, கருவி வேறு திசையை நோக்குவதுபோல் தோன்றச் செய்து, தெருவில் நின்றோர் அறியாவண்ணம் அவர்தம் முகங்களைப் பதிவு செய்தார். இப்பெண்மணியின் முன் அம்மறைப்பிற்கும் தேவையில்லை.

அவர் கழுத்தில் 'குருடு' என்றெழுதிய பலகை. அதற்குமேல் தெரு வணிகர்க்குரிய உரிமவில்லை, எண் 2622. வண்ணம் இல்லாமையால் வெண்பலகையின் கரிய எழுத்தே முகத்தினும் முந்திக் கண்ணில் படுகிறது. ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் நடத்திய 'கேமரா ஒர்க்' இதழ் 1917இல் தன் இறுதி வெளியீட்டில் அப்படத்தை அச்சிட்டது. கலைஞரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. படத்திலுள்ளவர்க்கு எஞ்சியது அந்த எண்ணே. பிறர் துயரைப் பாடுபொருளாக்கும் கவிஞரும் இக்கடனை உணர்தல் வேண்டும்.