இரண்டு படிக்கற்கள்

வாங்குவதற்கு ஒரு படிக்கல்லும் விற்பதற்கு வேறொரு படிக்கல்லும் வைத்திருக்கும் வியாபாரியை ஊரார் கள்ளன் என்பர். ஆனால், தேர்தலுக்கு நிற்கும் ஆண்மகனை ஒரு கல்லாலும் பெண்மகளை வேறொரு கல்லாலும் நிறுக்கும் பத்திரிகைக்காரரையும் மேடைப் பேச்சாளரையும் அவ்வாறு எவரும் சொல்வதில்லை. இவ்வழக்கம் வந்த வழியைச் சிறிது ஆராய்வோம்.

கேரி தீவிலிருந்தே தொடங்கலாம். லங்காட் ஆறு சிலாங்கூர்க் கரையினின்று பிரித்து வைத்துள்ள இத்தீவு, எட்வர்டு வாலன்டைன் கேரி என்னும் தோட்டத் துரையின் பெயரைத் தாங்கியது. இத்தகைய தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பெரட்டில் நின்று, ஆடவரோடு ஒப்ப உழைத்தனர். 1920களின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. வெட்டிய கை ஆண் கையா பெண் கையா என்று ரப்பர் மரம் கேட்டதில்லை. செக்ரோல் மட்டும் கேட்டது. அந்தப் பத்துக் காசே நாம் கண்ட முதற் கள்ளப் படிக்கல்.

பெண்ணால் இயலாது என்பது அக்காலத்து வாதம். அது நெடுநாள் நிற்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் உபதலைவரானார். 1943இல் மலாயாத் தோட்டங்களின் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். 1950களில் தேவகி கிருஷ்ணன் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் பங்சார் வட்டாரத்தில் வென்றார். 1955இல் கூட்டரசுச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரில் ஒரே பெண்மணி, நம் சிலாங்கூரின் உலு சிலாங்கூர்த் தொகுதியில் வென்ற ஹலிமாத்தோன் அப்துல் மஜீத்.

இயலாது என்னும் வாதம் இவ்வாறு தோற்கவே, எதிர்ப்பு வேறு வேடம் பூண்டது. அவள் அழுதாளா, அழகியா, கறுப்பா, யாருடைய மனைவி என்னும் கேள்விகள் எழுந்தன.

இலங்கையைப் பாருங்கள். 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். அவரை எப்பெயரிட்டு அழைப்பது, புதுச் சொல்லன்றோ தேட வேண்டும் என்று லண்டன் பத்திரிகை ஒன்று மலைத்தது. கணவனை இழந்த அவரை ‘அழும் விதவை’ என்று எதிரிகள் எள்ளினர். 1952இல் தந்தை டி. எஸ். சேனநாயக்கா இறந்தவுடன் அவர்தம் மகன் டட்லி பிரதமரானாரே. அவரை ‘அழும் மகன்’ என்று ஏசியவர் உண்டோ?

சிறிமாவோவின் ஆட்சியைத் தமிழர் கண்டிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம்மைப் போன்றே தோட்டத்தில் உழைத்த 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வொப்பந்தத்தைக் கண்டிப்பது அரசியல். அவர் கண்ணீரை ஏளனம் செய்வது இழிவு. பெண் என்பதற்காகக் குற்றத்தை மூடி மறைக்குமாறு எவரும் கேட்கவில்லை. குற்றத்தை விட்டுப் பெண்மையைத் தாக்குவதையே நாம் மறுக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் இக்கதையே. எம். ஜி. ஆருக்குத் திரைப்படப் புகழ் கிரீடமாயிற்று. அதே திரையிலிருந்து வந்த ஜெயலலிதாவுக்கோ, நடிகை என்னும் சொல் வசையாயிற்று. தொழில் ஒன்று; படிக்கல் இரண்டு!

நம் நாடு இதற்கு விலக்கன்று. 2014 மே 31இல் தெலுக் இந்தான் இடைத்தேர்தலில் நின்ற டயானா சோஃபியா சட்டம் பயின்றவர். எனினும் அவர் கொள்கையைக் காட்டிலும் முகத்தைப் பற்றியே பேச்சு மிகுந்தது. வேற்று நாட்டு நடிகை ஒருத்தியின் நீச்சலுடைப் படத்தை அவருடையதென்று பரப்பவும் சிலர் துணிந்தனர். அவர் தோற்றது 238 ஓட்டில். 2020 ஜூலை 13இல் பாராளுமன்றத்திலேயே, பத்து காவான் உறுப்பினரான தமிழ்ப் பெண்மணி கஸ்தூரி பட்டுவை நோக்கி, இருட்டாயிருக்கிறது, பவுடர் பூசிக்கொள்ளலாமே என்னும் பொருள்பட மற்றோர் உறுப்பினர் பேசினார். அச்சபையில் கறுப்பு நிற ஆடவர் அமர்ந்ததில்லையா? அவர்களுக்கு எவர் பவுடர் சிபாரிசு செய்தார்?

இவ்வேளனத்தின் நஷ்டம் அப்பெண்மணிகளோடு நின்றுவிடுவதில்லை. பத்திரிகையில் இதைப் படிக்கும் தோட்டத்துச் சிறுமி, பொது வாழ்வு நமக்கேன் என்று ஒதுங்குகிறாள். நம் கோயில் கமிட்டிக்கோ சங்கத்துக்கோ ஒரு பெண் பெயர் கொடுத்தால், “வீட்டில் சோறாக்குவது யார்?” என்று நாமே கேட்கிறோம். அவள் அண்ணனிடம் அக்கேள்வியைக் கேட்டதுண்டா?

வாசகர்காள்! பரீட்சை எளிது. பெண் அபேட்சகரைப் பற்றிய செய்தி கைக்கு வந்தால், அவர் பெயரிருக்கும் இடத்தில் ஓர் ஆண் பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அது செய்தி. நகைப்புக்கு இடமானால் அது கள்ளப் படிக்கல். தராசைப் பிடித்திருப்பது பத்திரிகையாயினும், எடை சரியா என்று பார்க்க வேண்டியவர் நாமே. பத்துக் காசு குறைத்த செக்ரோலை நம் பாட்டிமாரால் எதிர்த்துக் கேட்க இயலவில்லை. அவர்களுடைய பேத்திமார் கேட்கும்போது, நாம் எந்தப் பக்கம் நிற்பது?