தாங்குவோரின் வரலாறு: ஜப்பானிய வட்டாரக் கழைக்கூத்தும் அதன் மேடை வடிவங்களும்

விலங்கு வித்தையைவிட மனித உடலை நம்பி நிற்கும் சர்க்கஸ் 1970களில் பிரான்சில் உருவெடுத்தது. ஜப்பானில் அது வேர்பிடிக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. குன்மா மாநிலத்தின் மலையூர் ஒன்றில், பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பள்ளிக் கட்டடத்தில், 2001இல் சாவாயிரி பன்னாட்டு சர்க்கஸ் பள்ளி தொடங்கியது. ககாவா மாநிலத்தில் செத்தோஉச்சி சர்க்கஸ் ஃபாக்டரி உருவானது அதற்குப் பத்தாண்டு கழித்து. பெருநகரங்களை விட்டு விலகி நின்று, தாம் இருக்கும் வட்டாரத்தின் தொழில்களையும் பழங்கதைகளையும் இடங்களையும் மேடைப்பொருளாக்குவது இத்தகைய முயற்சிகளின் போக்கு. இவற்றைப் பார்த்ததும் எளிதில் தோன்றும் கருத்து ஒன்று உண்டு: வடிவம் பிரான்சிலிருந்து வந்தது, கதைப்பொருள் உள்ளூருக்கு உரியது, இரண்டும் பொருந்தினால் நிகழ்ச்சி வெற்றி.

இக்கருத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஜப்பானின் வட்டாரங்கள் பலவற்றில் கழைக்கூத்தே உள்ளூர் வரலாற்றின் விளைச்சல். வெள்ளமும் தீயும் பஞ்சமும் அதைப் பிறப்பித்தன. அந்த வரலாறு வித்தையோடு ஒட்டவைத்த கதையில் இருப்பது கொஞ்சம்தான். யார் மேலே ஏறுகிறார், யார் கீழே நின்று தாங்குகிறார், கூலி யார் கைக்குப் போகிறது என்ற ஏற்பாட்டில்தான் அது பெரும்பகுதி படிந்திருக்கிறது. கதையை எடுத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டை விட்டுவிடும் மேடை, வரலாற்றிலிருந்து உடையை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறது. இது இன்றைய பழக்கம் மட்டும் அன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

ஜப்பான் கடலை ஒட்டிய பழைய எச்சிகோ நாட்டில், இன்றைய நீகாத்தா சமவெளியில், நாகானோகுச்சி ஆற்றங்கரையில் ட்சுகிகாத்தா என்னும் ஊர் இருக்கிறது. ஷினானோ பேராற்றிலிருந்து பிரியும் கிளை அந்த ஆறு. கரை உடைவதும் வயல் மூழ்குவதும் அங்கே தலைமுறை தோறும் கண்ட அனுபவம். எடோ காலத்தில் இவ்வூரிலிருந்து சிறுவர்கள் நாடெங்கும் கால்நடையாகப் போய்த் தெருவில் வித்தை காட்டினர். தலையில் சேவல் இறகு செருகிய சிறிய சிங்கத் தலை, வயிற்றில் கட்டிய சிறு பறை, கூட வந்த தலைவனின் குழலும் மேளமும். பின்னோக்கி வளைவார்கள், தலைகீழாக நிற்பார்கள், குட்டிக்கரணம் போடுவார்கள். கக்குபே-ஜிஷி என்று பெயர்பெற்றது இந்தக் கலை. நண்டின் பக்கவாட்டு நடை, நீர்ச்சக்கரம், கோட்டைக் கூரையின் பொன்மீன் என்று வித்தைகளுக்குப் பெயர்கள். தண்ணீரோடு தொடர்புள்ள பெயர்கள் இத்தனை இருப்பதை வைத்துப் பெரிய முடிவு எதையும் கட்ட நான் தயங்குகிறேன்; ஆயினும் கண்ணில் படாமல் போவதில்லை.

கலையின் தோற்றத்தைச் சொல்லும் மரபுக் கதைகள் இரண்டு. ஒன்றில், கக்குபே என்பவன் கொலையுண்டு சாகிறான். சாகுமுன் கொலையாளியின் கால்விரலைக் கடித்துத் துண்டித்துவிடுகிறான். விரலில்லாத காலைத் தேடித்தான் அவன் மக்கள் தலைகீழாக நின்று ஊர் ஊராகக் கூட்டத்தின் பாதங்களைப் பார்த்துக்கொண்டே போனார்களாம். இன்னொன்றில், வெள்ளத்தால் நொடித்த ஊரைக் காக்கக் கக்குபே இந்த ஆட்டத்தை உண்டாக்குகிறான். முதல் கதை நாடகத்துக்குத் தோதானது. தலைகீழ் நிற்றலுக்கு ஒரு நோக்கத்தையும் ஒரு பார்வைக் கோணத்தையும் அது தருகிறது. எந்த இயக்குநரும் அதைத்தான் முதலில் எடுப்பார். ஆனால் பழிவாங்கலைச் சொல்லி அது மறைப்பது எது? ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளும் ஒரு தலைவனின் கையில் ஒப்படைக்கப்பட்டு, அவன் பிரம்புக்குப் பயந்து முதுகை வளைத்த நிலையை அது மறைக்கிறது. கூலிக்கு வளைந்த முதுகு, கதைக்குள் நுழைந்ததும் தந்தைக் கடன் தீர்க்கும் முதுகாகிவிடுகிறது. இரண்டாம் கதை அழகு குறைந்தது, ஆனால் ஆற்றின் வெள்ளத்தையாவது சொல்கிறது.

இந்தக் கலை பெருநகர மேடைக்குப் போன முதல் பெரிய தருணம் 1811. இன்றைய தோக்கியோவான எடோவின் நாகாமுரா-சா அரங்கில், ஒசாகாவைச் சேர்ந்த கபுகி நடிகர் மூன்றாம் நாகாமுரா உதாயெமோன், ஒரே நிகழ்ச்சியில் ஏழு வேடம் மாறும் ஆட்டத்தின் ஒரு பகுதியாக 'எச்சிகோ-ஜிஷி'யை ஆடினார். இசை ஒன்பதாம் கினேயா ரொகுசாயெமோன். போட்டி அரங்கில் மூன்றாம் பந்தோ மிட்சுகொரோ வேடமாற்ற ஆட்டத்தால் பெயர் வாங்கிக்கொண்டிருந்த நேரம். அவசரத்தில் உருவான படைப்பு என்றே மரபு சொல்கிறது. அவசரத்தில் பிறந்தாலும் நிலைத்துவிட்டது. அதன் மெட்டு ஒன்று புச்சினியின் 1904ஆம் ஆண்டு இசை நாடகமான 'மேடம் பட்டர்ஃபிளை' வரை போய்ச் சேர்ந்தது.

இந்த ஆட்டத்தில் எச்சிகோவின் சிறுவன் எங்கே? சிங்கத் தலை உண்டு, வயிற்றுப் பறை உண்டு. மைய இடத்தில் குட்டிக்கரணம் இல்லை. சிறுவனும் இல்லை, அவன் இடத்தில் புகழ்பெற்ற நடிகர். முடிவில் ஒற்றைப் பல் கொண்ட உயர்ந்த மரச்செருப்பில் நின்று, நீண்ட வெள்ளைத் துணிகளை இரு கைகளாலும் தரையில் படாமல் அலையலையாக வீசுவதே உச்சம். உடலின் அபாயம் துணியின் ஒழுக்காக மாறிவிட்டது. கீழ்த்தெரு வித்தையை மேல்மட்ட ரசனைக்குக் கழுவிக் கொடுத்தார்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. அந்த வெள்ளைத் துணி எச்சிகோவின் இன்னொரு உழைப்பைக் குறிக்கிறது. அவ்வட்டாரத்துப் பெண்கள் பனிக்கால மாதங்களில் ராமி நாரில் நெய்த மெல்லிய துணியைப் பனிவெளியில் விரித்து வெளுப்பார்கள். 1837இல் வெளிவரத் தொடங்கிய சுசுகி பொக்குஷியின் பனிநாட்டு நூலில் இதன் விவரங்கள் உள்ளன. இந்நெசவு 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆக 1811இன் மேடை ஒரு உழைப்பை மறந்த இடத்திலேயே இன்னொரு உழைப்பை நினைவுகூர்ந்தது. நெய்தவளின் துணி மேடையேறியது, வளைந்த பிள்ளையின் முதுகு ஏறவில்லை. துணி விற்பனைச் சரக்கு, அதைப் பெருமையாகக் காட்டலாம். முதுகு அப்படி இல்லை.

முதுகைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது வெகுசன எழுத்துதான். ஒசராகி ஜிரோ 1927இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடங்கிய 'கக்குபே-ஜிஷி' தொடரில், சம்பாதித்த பணத்தைத் தொலைத்துவிட்டுத் தலைவனுக்குப் பயந்து நிற்கும் சுகிசாக்கு என்ற பிள்ளை வருகிறான். குராமா தெங்கு என்னும் முகமூடி வீரன் அவனுக்குத் துணை நிற்கிறான். அந்நாளில் நடைமுறையில் இந்தக் கலை தேய்ந்துகொண்டிருந்தது. கட்டாயப் பள்ளிக்கல்வி ஒரு பக்கம். மறுபக்கம் ஆறு: 1896இல் கரை உடைந்து சமவெளியை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பின் வலுத்த நெடுங்காலக் கோரிக்கை, ஓகோசு வடிகால் கால்வாயாக நிறைவேறி 1922இல் அதில் தண்ணீர் திறக்கப்பட்டது, ஷினானோவின் வெள்ளம் நேரே கடலுக்குத் திருப்பப்பட்டது. 1933இல் சிறார் வதைத் தடுப்புச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தெருவித்தைக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. இச்சட்டமே கலையை முடித்தது என்று வழக்கமாக எழுதுகிறார்கள். பிள்ளைகளை வெளியே தள்ளிய வறுமைக்குக் கால்வாயும் பள்ளியும் முன்னரே அணை போடத் தொடங்கியிருந்தன என்றும், சட்டம் கடைசியாக வந்து கதவைச் சாத்தியது என்றும் எழுதுவதே சரியாக இருக்கும்.

போருக்குப் பிந்திய 1947ஆம் ஆண்டுச் சிறார் நலச் சட்டம் இன்னும் கண்டிப்பானது: பொதுமக்களின் கேளிக்கைக்காகப் பதினைந்து வயது நிரம்பாதவரைக் கழைக்கூத்திலோ குதிரை வித்தையிலோ ஈடுபடுத்தக் கூடாது. நான்கு ஆண்டு கழித்து, 1951இல், ஒசராகியின் கதை திரைப்படமானபோது சுகிசாக்குவாக நடித்தவர் மிசோரா ஹிபாரி, 1937இல் பிறந்த பாட்டுச் சிறுமி. முதுகு வளைத்துப் பிழைக்கும் பிள்ளையின் துயரத்தைக் குரலால் பிழைக்கும் இன்னொரு பிள்ளை நடித்தாள். 

ட்சுகிகாத்தாவில் ஆட்டம் சாகவில்லை. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அதைக் கற்று, ஜூன் மாத விழாவில் ஆடுகிறார்கள். ஊர் 2005இல் நீகாத்தா நகரோடு இணைந்தது, கலை நகரின் பண்பாட்டுச் சொத்தாகக் காக்கப்படுகிறது. அதே பின்வளைவுதான், அதே தலைகீழ் நிலைதான். சட்டத்தின் கண்ணில் அன்றைய தெருவித்தையையும் இன்றைய விழா ஆட்டத்தையும் பிரிப்பது பிள்ளையின் முதுகு எவ்வளவு வளைகிறது என்பதாக இருக்க முடியாது. அதை வளைக்கச் சொன்னவர் யார், வரும்படி எங்கே போகிறது என்பதே. தாங்கல் ஏற்பாட்டில்தான் வரலாறு இருக்கிறது என்ற என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஏணியும் இல்லாத, ஆள்மேல் ஆள் ஏறுவதும் குறைந்த இந்த ஆட்டத்திலேயே அது தெரிகிறது என்றால், மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் எடுத்துக்காட்டாகக் கனசாவா நகரின் ஏணி ஆட்டத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு ஜனவரியும் நகரின் தீயணைப்புத் தொண்டர்கள் செங்குத்தாக நிறுத்திய மூங்கில் ஏணிகளின் உச்சியில் ஏறிக் கைகளை விரித்துக் கிடந்தும் தொங்கியும் வித்தை காட்டுகிறார்கள். எதன்மேலும் சாயாத அந்த ஏணியைக் கீழே வட்டமாக நின்று கொக்கித் தடிகளால் பற்றித் தாங்குகிறார்கள் கூட்டாளிகள். காகா-தொபி என்ற இப்படை கனசாவா அடங்கிய பழைய காகா நாட்டின் பெருமையாகச் சொல்லப்பட்டாலும், பிறந்த இடம் எடோ. 1657இன் பெருந்தீக்குப் பிறகும் அடிக்கடி எரிந்துகொண்டிருந்த அந்நகரில், காகாவை ஆண்ட மாயேதா குலத்தாரின் ஹொங்கோ மாளிகையைக் காக்க 1718 வாக்கில் அமைந்தது. அந்த மாளிகை இருந்த இடத்தில்தான் இன்று தோக்கியோ பல்கலைக்கழகம் இருக்கிறது. கனசாவாவில் அது நிலைகொண்டது மெய்ஜி மாற்றத்துக்குப் பின். 'வட்டாரம்' என்பது மண்ணில் தானே முளைத்ததில்லை, தலைநகருக்கும் ஊருக்கும் இடையிலான போக்குவரத்தில் உண்டானது என்பதற்கு இது சான்று. இங்கே ஏறுபவரும் தாங்குபவரும் ஒரே படையினர், வயது வந்தவர்கள், பிரபுவின் சம்பளத்தில் இருந்தவர்கள். அதனால்தான் இந்த ஆட்டத்தில் தாங்குவோர் மறைக்கப்படவில்லை; பார்வையாளர் ஏணி உச்சியை எவ்வளவு பார்க்கிறாரோ அவ்வளவு கொக்கித் தடிகளின் வட்டத்தையும் பார்க்கிறார்.

மறைப்பு உச்சம் தொட்டது கடல் கடந்தபோது. 1866இல் ஷோகுன் ஆட்சி வெளிநாட்டுப் பயணத் தடையை நீக்கியதும் முதல் கடவுச்சீட்டுகளைப் பெற்றவர்களில் வித்தைக்காரர்கள் இருந்தனர். முதலாவது எண், மாயவித்தைக்காரர் சுமிதாகாவா நாமிகொரோவுக்கு. ரிச்சர்ட் ரிஸ்லி என்ற அமெரிக்கர் நடத்திய இவர்களின் குழு 'இம்பீரியல் ஜாப்பனீஸ் ட்ரூப்' என்ற பெயரில் 1867இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆடியது; அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைச் சந்தித்தது; அவ்வாண்டின் உலகப் பொருட்காட்சிக் காலத்தில் பாரிஸ் சேர்ந்தது. பேரரசரோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவரவர் ஊரும் வித்தைக்குடும்பமும் அந்தப் பெயருக்குள் கரைந்து, ஜப்பான் என்ற ஒரே சரக்கு மிஞ்சியது. ஹமாஇகாரி சதாகிச்சி மல்லாந்து படுத்துத் தன் பாதங்களில் கனத்த பொருள்களைத் தாங்க, அவற்றின்மேல் ஏறி வித்தை காட்டிய சிறுவன் உமேகிச்சி 'லிட்டில் ஆல் ரைட்' என்ற பட்டப்பெயரில் கொண்டாடப்பட்டான். கீழே கிடந்தவரின் பெயரைப் பார்வையாளர் அந்த அளவு நினைவில் வைக்கவில்லை.

இக்குழுவை வட்டாரத்துக்குத் திருப்பித் தந்தது ஒரு நாட்குறிப்பு. குழுவின் நிர்வாகி தகானோ ஹிரோஹச்சி, இன்றைய ஃபுகுஷிமாவின் ஈநோ ஊரைச் சேர்ந்தவர். இலக்கிய நோக்கம் ஏதும் இல்லாமல் அவர் எழுதி வைத்ததே எழுத்தாளர் யசுஓகா ஷோதாரோவின் 1984ஆம் ஆண்டு நூலுக்கு அடிப்படை. வித்தையின் அழகைப் பற்றி அதிகம் பேசாமல், பயணம், தங்கல், செலவு, சில்லறை இன்பங்கள் என்று தாங்கும் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதே அதன் மதிப்பு. ஆனால் நிர்வாகியும் ஒருவகைத் தலைவன்தான். உமேகிச்சி எழுதிய நாட்குறிப்பு நம் கையில் இல்லை.

இன்றைய மேடைக்கு வருவோம். எச்சிகோவையோ ஈநோவையோ பொருளாக்க நினைக்கும் ஜப்பானிய சர்க்கஸ் குழு சட்டப்படி பதினைந்து வயது நிரம்பிய கலைஞர்களைக் கொண்டே தொழில்முறையில் ஆட வேண்டும். இதை வரலாற்று உண்மைக்கு ஏற்பட்ட இழப்பாகக் கருத வேண்டியதில்லை. சிறுவர்களை மேலே ஏற்றியதற்கு முக்கியக் காரணம் அவர்கள் எடை குறைவு. அந்த லேசான உடல்தான் தாங்குபவரின் சிரமத்தைப் பார்வையாளர் கண்ணிலிருந்து மறைத்தது. சதாகிச்சியின் பாதங்களில் அறுபது கிலோ எடையுள்ள ஆள் ஏறினால் வித்தையின் கணக்கே மாறுகிறது: முழங்கால் நடுங்கும், கூடுதல் ஆட்கள் தேவைப்படுவர், சில நிலைகள் முடியாமலே போகும். முடியாமல் போவதை மேடையிலேயே விட்டுவைக்கும் துணிவு இருந்தால், எந்த உடல்களின் லேசில் அந்தக் கலை நின்றது என்பதைச் சிங்கத் தலை அணிந்த பத்துக் கலைஞர்களைவிட அது தெளிவாகச் சொல்லும். கனசாவாவின் வட்டத்தைப் போல, தாங்குவோர் முழு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். மேளம் தலைவனின் கையில் இருக்கிறது என்பதும், தாளத்தை முடுக்கும் உரிமை அவனுக்கே உண்டு என்பதும் காட்சியில் தெரிய வேண்டும். விரலில்லாத காலைத் தேடும் கதையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொல்லும் வாய் தலைவனுடையதாக இருக்கட்டும். அந்தக் கதையால் பயன் பெற்றவன் அவன்தான்.