எச்.ஐ.வி. முன்தடுப்பு மருந்து

எச்.ஐ.வி. தொற்று இல்லாத, ஆனால் தொற்றக்கூடிய சூழலில் வாழ்பவர்கள் முன்கூட்டியே உட்கொள்ளும் மருந்து. சுருக்கமாகப் பிரெப் எனப்படும். டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிட்டபின் 200 மி.கி. சேர்ந்த மாத்திரையை நாளுக்கு ஒன்று விழுங்குவது பரவலான முறை. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்த பிறகே மனித உயிரணுவில் நிலைகொள்ள முடியும். படியெடுக்கும் நொதி இம்மருந்தைத் தனக்கு வேண்டிய மூலப்பொருள் என்றெண்ணிக் கோத்துக்கொண்டால், சங்கிலி அங்கேயே நின்றுவிடும். தொற்றும் வாய்ப்பு நேர்ந்த பின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ளும் அவசர மருத்துவம் இதனின்று வேறானது.

டெனோஃபோவிர், செக் வேதியியலாளர் அன்டோனின் ஹோலி பிராகில் உருவாக்கிய சேர்மங்களில் ஒன்று. பெல்ஜியத்தின் லூவன் நகரில் எரிக் டி கிளர்க் அவற்றின் வைரஸ் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தார். கர்ப்பிணிகளுக்கு சிடோவுடின் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று 1994இல் தெரியவந்ததும், மருந்தால் தொற்றையே தடுக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1995இல் குரங்குகளுக்கு டெனோஃபோவிர் ஊசியைச் செலுத்திச் சோதித்தனர். எச்.ஐ.வி.க்கு இணையான குரங்கு வைரஸ் செலுத்தப்பட்டும், மருந்து பெற்ற ஒன்றுக்கும் தொற்றவில்லை. பெறாதவை அனைத்துக்கும் தொற்றியது.

மனிதரிடம் சோதிப்பதற்கான முதல் முயற்சிகள் இடறின. கம்போடியாவில் திட்டமிட்டிருந்த ஆய்வை அந்நாட்டுப் பிரதமர் 2004இல் நிறுத்தினார். ஆய்வால் உடல்நலம் கெட்டால் நீண்டகாலச் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்று அங்குள்ள பாலியல் தொழிலாளர் எழுப்பிய கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆய்வைத் திட்டமிட்டவர்கள் அதற்கு முன்பே விடை வைத்திருக்க வேண்டும்.

2010இல் ஆறு நாடுகளில் 2,499 பேரிடம், அதாவது ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் நடந்த ஐபிரெக்ஸ் ஆய்வு 44% பாதுகாப்பைக் காட்டியது. கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 4,700க்கு மேற்பட்ட இணையரை வைத்துக் கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில், இக்கூட்டு மாத்திரை 75% பாதுகாத்தது. ஆனால் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகியவற்றின் 5,029 பெண்கள் பங்கேற்ற வாய்ஸ் ஆய்வில் பலனே இல்லை. திருப்பிக் கொடுத்த மாத்திரைகளை எண்ணியபோது, 86% உட்கொள்ளப்பட்டதாகக் கணக்கு வந்தது. ரத்தத்தைப் பரிசோதித்தபோதோ, மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. டப்பாவைப் பார்த்துவிட்டால் வீட்டாரும் துணைவரும் தன்னை நோயாளி என்று முத்திரை குத்துவார்களே என்ற பயம் பலருக்கு. பெண்களுக்கு மருந்து பலிக்காது என்று அப்போது எழுந்த முடிவு தவறு. விழுங்காத மாத்திரை யாருக்கும் பலிக்காது.

அமெரிக்காவில் 2012 ஜூலையில் அனுமதி கிடைத்தது. தொற்றும் அபாயம் மிகுந்த அனைவருக்கும் இதை வழங்கலாம் என 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மருந்து இருக்கும் தைரியத்தில் ஒழுக்கம் கெடும் என்ற எதிர்ப்பும் உடன் கிளம்பியது. உயிர்காக்கும் மருந்தை மறுக்க அது காரணமாகாது. எனினும் மேகப்புண், வெட்டை போன்றவற்றை இம்மாத்திரை தடுக்காது என்பதால் ஆணுறையின் தேவை தீர்ந்துவிடவில்லை.

தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இப்பரிசோதனை இலவசம். ஏற்கெனவே தொற்றுள்ளவர் இவ்விரு மருந்துகளை மட்டும் உட்கொண்டால், வைரஸ் அவற்றுக்குப் பணியாத வடிவம் எடுத்துவிடும். சிறுநீரகச் செயல்பாட்டையும் மஞ்சள்காமாலை பி வகையையும் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை எச்.ஐ.வி. பரிசோதனை தொடரும். முதல் சில வாரம் குமட்டல் வரலாம். பெரும்பாலோர்க்குத் தானே அடங்கும்.

டெனோஃபோவிரின் காப்புரிமை விண்ணப்பங்களை இந்தியா 2009இல் நிராகரித்தது. கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் மைசூரிலும் பாலியல் தொழிலாளர் அமைப்புகளே முன்னின்று பிரெப் வழங்கும் முன்னோடித் திட்டங்களை நடத்தின. இரண்டு மாதத்துக்கொரு முறை போடும் கபோடெக்ராவிர் ஊசி 2021 டிசம்பரிலும், ஆறு மாதத்துக்கொன்றான லெனகாபாவிர் ஊசி 2025 ஜூனிலும் முன்தடுப்புக்கென அமெரிக்க அனுமதி பெற்றன. லெனகாபாவிரை ஆண்டுக்குச் சுமார் 40 டாலர் விலையில் 2027 முதல் 120 நாடுகளுக்கு வழங்க ஐதராபாத்தின் ஹெட்டிரோ, டாக்டர் ரெட்டீஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டுள்ளன.