குதிரைச் சக்தியும் ஆகாய விமானமும்

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் என்னை ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, மோட்டாருக்குள் குதிரை இல்லையே, பிறகு ஏன் குதிரைச் சக்தி என்கிறோம்?" சூத்திரத்தைச் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் அச்சொல்லுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. வண்டிக்காலம் முடிந்த பிறகே விமானக்காலம் பிறந்தது என்று பாடநூல்களில் படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் விமானம் வண்டிப் பட்டறையில் உருவாகிக் குதிரை ஓடிய திடலில் எழும்பியது.

நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், அதைக் குதிரை வைத்து வேலை வாங்கியவர்களிடம் விற்க வேண்டியிருந்தது. "இவ்வியந்திரம் எத்தனை குதிரைக்கு ஈடு?" என்பதே வாங்குவோரின் கேள்வி. அதற்காக அவர் வகுத்த கணக்குத்தான் நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. இன்றைய அளவையில் ஏறத்தாழ 746 வாட். நாள் முழுதும் உழைக்கும் குதிரைக்கு இது சற்று அதிகம் என்பாரும் உண்டு. ஆனால் போட்டியில் நிற்கும் குதிரையின் கதை வேறு. அமெரிக்காவில் பாரம் இழுக்கும் குதிரைகளுக்குப் பந்தயம் வைப்பது வழக்கம். 1925-இல் அயோவா மாநிலப் பொருட்காட்சியில் நடந்த பந்தயத்தின் அளவுகளைக் கொண்டு, 1993-இல் 'நேச்சர்' இதழில் இரு ஆய்வாளர் கணக்கிட்டனர். சில நொடிகளுக்கு ஒரு குதிரை ஏறத்தாழ 15 குதிரைச் சக்தியை எட்டியதாம்! ரைட் சகோதரர் 1903 டிசம்பர் 17-இல் பறந்த விமானத்தின் எஞ்சினுக்கு இருந்தது 12 குதிரைச் சக்திதான். இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

நம்மவர்க்குப் பாரம் இழுக்கும் உயிர் குதிரையன்று, காளை. ஆந்திர நாட்டில் பெருங்கல்லை ஒங்கோல் காளைகள் இழுக்கும் போட்டி இன்றும் நடக்கிறது. கொங்கு நாட்டில் காங்கேயம் காளை பூட்டிய ரேக்ளா வண்டிகள் ஓடுகின்றன. முன்னது வலிமைக்குச் சோதனை, பின்னது விரைவுக்கு. 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-இல் தமிழகம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2023 மே 18-இல் அதே நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. விலங்கைத் துன்புறுத்தாமல் நடத்த வேண்டும் என்பதில் எனக்கு இரு கருத்தில்லை.

இனி, திடலைப் பற்றி. சிங்கப்பூரில் முதன்முதல் விமானம் பறந்த நாள் 1911 மார்ச் 16. ஓட்டியவர் பெல்ஜிய நாட்டு ஜோசப் கிறிஸ்டியான்ஸ். ஊர்தி 'பிரிஸ்டல் பாக்ஸ்கைட்'. இடம் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடல். மரமில்லாச் சமதரை, கூட்டம் நிற்க இடம், காசு வாங்க வேலி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தது அங்கேதான். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தும் அத்திடலிலேயே இறங்கினார். அதற்கு அண்மையில்தான் நம்மவர் வாழ்ந்த சிராங்கூன் சாலை. எருமைச் சாலை என்றும், எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்றும் அவ்வட்டாரத்துப் பெயர்களே மாட்டுத் தொழிலைச் சொல்லும். வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் மாடு மேய்த்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் இருந்திருப்பர் என்று எண்ணுவது தவறாகாது.

நம் தலைநகரிலும் அத்தகைய திடல் ஒன்று இருந்தது. மஸ்ஜித் இந்தியாவில் புத்தகம் வாங்கிக்கொண்டு கிழக்கே பார்த்தால் இரட்டைக் கோபுரம் தெரிகிறதே, அது எழுந்து நிற்கும் நிலம் சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் பழைய திடல். கழகம் சுங்கை பீசிப் பக்கம் குடிபெயர்ந்தது. அதே சுங்கை பீசியில்தான், 1965-இல் சுபாங் திறக்கப்படும்வரை, கோலாலம்பூரின் விமான நிலையம் இருந்தது. குதிரையும் விமானமும் ஒன்றையொன்று விடாமல் தொடர்ந்தன போலும்.

வான்காட்சி பார்க்க ஒரு நாள் பயணம் புறப்படுவது இன்றும் ஓயவில்லை. லங்காவியில் 1991 முதல் நடந்துவரும் 'லிமா' கண்காட்சிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் பள்ளிகள் உண்டு. சென்னையில் 2024 அக்டோபர் 6-இல் இந்திய விமானப்படை மெரினாக் கடற்கரையில் நடத்திய காட்சிக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். பறக்கும் ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. உச்சி வெயிலில் நூற்றுக்கணக்கானோர் சோர்ந்து விழுந்தனர், ஐவர் இறந்தனர். தேர்த்திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் ஊரில் இது நடந்தது என்பதை எண்ணும்போது மனம் ஆறவில்லை.

மெரினாவுக்கு அருகிலேயே தீவுத்திடல் இருக்கிறது. சென்னை மக்கள் முதன்முதல் விமானம் பார்க்கக் கூடிய இடம் அது. ஆண்டு 1910, மாதம் மார்ச். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டேஞ்சலிஸ் என்பவர், பிளேரியோ 1909 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி உலகெங்கும் பரவியிருந்த வேளையில், தாமே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். பல்லாவரத்தில் அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் பொதுமக்களுக்குக் காட்டினார். இந்திய மண்ணின் முதற்பறப்பு இதுவா, அதே ஆண்டு டிசம்பரில் அலகாபாத்தில் நடந்ததா என்று வழக்காடுவோர் உளர். எனக்கு அவ்வழக்கில் ஆர்வமில்லை. அந்த விமானத்தைச் செய்தவர் யார் என்பதே என் ஆர்வம்.

செய்தது சிம்சன் கம்பெனி. 1840-இல் தொடங்கி, குதிரைச் சேணமும் சாரட்டு வண்டியும் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. 1903-இல் அங்கேயே நீராவிக் கார் ஒன்றும் உருவாயிற்று. விமானத்துக்கு வண்டிப் பட்டறையைத் தேடிப் போனதில் வியப்பில்லை. அக்கால விமானம் என்பது இலேசான மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பி, மேலே போர்த்திய துணி, அவ்வளவே. மரத்தை வளைத்துச் சட்டமாக்குவது சாரட்டுத் தச்சனுக்குப் பழகிய வேலை. எடை கூடாமல் உறுதி கூட்டுவது சக்கரம் செய்பவனின் கலை. பூண் அடிக்கக் கொல்லன் இருந்தான். தோலும் துணியும் தைக்கச் சேணக்காரன் இருந்தான். எஞ்சின் ஒன்றுதான் புதிது. அதுவும் குதிரைச் சக்தி குறைந்த சிறு எஞ்சின் என்றே அக்காலச் செய்தி கூறுகிறது.

அப்பட்டறையில் உளி பிடித்தவர்களில் பெரும்பாலோர் சென்னைக் கைவினைஞராகவே இருந்திருக்க வேண்டும். டேஞ்சலிஸின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. கம்பெனியின் பெயர் கிடைக்கிறது. மரம் இழைத்தவர், பூண் அடித்தவர், இறக்கை தைத்தவர் பெயர்களில் ஒன்றுகூட நான் படித்த குறிப்புகளில் இல்லை. தமிழர் விமானத்தை வேடிக்கை பார்த்தவர் மட்டுமே என்று மாணவன் எண்ணிக்கொள்வதற்கு இந்த விடுபாடே போதுமானது.

இவ்வளவையும் அம்மாணவனிடம் இரண்டு பாட வேளைகளில் சொன்னேன். கேட்டுவிட்டு, தன் பாட்டனாரின் தந்தை தோட்டத்தில் மாட்டு வண்டிக்குச் சக்கரம் போட்டவர் என்றான். அவர் பெயர் என்ன என்றேன். வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.