திருகோணமலை என்றொரு கப்பல்

1812 டிசம்பர் 29. பிரேசில் கரைக்கு அப்பால் 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' அடித்து நொறுக்கியது. இனி தேறாது என்று தெரிந்ததும் அமெரிக்கர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள். ஜாவா போய்க்கொண்டிருந்தது பம்பாய்க்கு. அங்கே கட்டவிருந்த ஒரு ஃபிரிகேட்டின் வரைபடங்களும் அதோடு போயின.

வேறு படங்கள் வந்து சேர்ந்து, 1816-இல்தான் வேலை தொடங்கியது. நெப்போலியன் போர்களுக்காகக் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டிருந்தது. பம்பாயிலோ தேக்கு இருந்தது. அதை இழைக்கத் தெரிந்த வாடியா குடும்பமும் இருந்தது. பார்சி வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து ஆரம்பித்தார் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா. 1817 அக்டோபர் 12-இல் கப்பல் நீரில் இறங்கியது. 1782-இல் பிரெஞ்சுக்காரர்களோடு ஈழத்துக் கரையோரம் நடந்த கடற்போரின் நினைவாக அதற்கு வைத்த பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலைதான், ஆங்கில நாவில் அப்படித் தேய்ந்தது.

1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தபோது, அதற்கு வேலை கொடுத்திருக்க வேண்டிய போர் முடிந்து நான்கு வருடமாகியிருந்தது. பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை வேய்ந்து, கால் நூற்றாண்டு சும்மா கட்டிப்போட்டார்கள். பிறகு பீரங்கிகளைக் குறைத்து 1847 முதல் பத்து வருடம் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ஓட்டினார்கள். கடற்படைக் கப்பலாக அது கடலோடியது அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கப்பல் மீது பிரியம் வந்ததே அதற்குப் பிந்தைய கதையால். 1860-களில் அது சேமப் படையினருக்கான பயிற்சிக் கப்பலானது. ஹார்ட்டில்பூல் துறையில் பல வருடம் நின்றது. 1897-இல் உடைப்பவர் கைக்குப் போய்விட்டது. அதே வருடம் வீட்லி காப் என்ற செல்வந்தர், தாம் அருமையாகப் பேணிய நெல்சனின் பழைய 'ஃபூட்ராயண்ட்' கப்பலைப் பிளாக்பூல் கரையில் புயலுக்குப் பறிகொடுத்திருந்தார். அந்த இடத்துக்கு டிரிங்கோமலியை வாங்கிச் செப்பனிட்டு, இழந்த கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார்.

அன்றிலிருந்து 1986 வரை, முதலில் ஃபால்மவுத்திலும் பின்னர் போர்ட்ஸ்மவுத்திலும், பிள்ளைகள் அதில் தூளி கட்டித் தூங்கினார்கள், தளம் கழுவினார்கள், துடுப்புப் போடக் கற்றார்கள். எத்தனை தலைமுறை! பீரங்கி சுமந்து திரிந்ததைப்போல் பல மடங்கு காலம் அது பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு பயிற்சிக் கப்பலும் நின்றது: 'இம்ப்ளாக்கபிள்'. பிரெஞ்சுக்காரர் கட்டி, டிரஃபால்கரில் போரிட்டு, பிறகு பிரிட்டிஷார் கைப்பற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதைப் பழுதுபார்க்கப் பணம் கிடைக்கவில்லை. 1949-இல் இரு நாட்டுக் கொடிகளும் பறக்க, நடுக்கடலில் வெடிவைத்து மூழ்கடித்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. டிரிங்கோமலியைக் காப்பாற்றியதில் தேக்குக்குப் பெரும் பங்குண்டு. ஓக்கில் ஊறியிருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் ஆணியைக் காக்கும்.

1987-இல் மிதவை மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் நீண்ட புதுப்பிப்பின் நடுவே, 1992-இல், பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் உடலில் பெரும்பகுதி இன்றும் பம்பாயில் இழைத்த மரமே. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இன்னும் நீரில் மிதப்பவற்றுள் இதுவே மூத்தது. உலகக் கணக்கில் இதற்கு மூத்ததாக மிதப்பது, பாஸ்டன் துறையில் நிற்கும் அதே கான்ஸ்டிட்யூஷன்.

(தொடரும்)