முள் முளைக்கும் உலோகம்

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே, பால்டிக் கடலில், ஊட்டோ என்றொரு சிறு தீவு. அதன் சுரங்கத்திலிருந்து வந்த பெட்டலைட் என்ற கல்லை 1817-இல் யோஹான் ஆகஸ்ட் அர்ஃப்வெட்சன் பகுத்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம் அதில் இருந்தது. லித்தியம். இருப்பது தெரிந்தும், அதை உலோகமாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1855-இல் புன்சனும் மத்தீசனும் உருகிய லித்தியம் குளோரைடுக்குள் மின்சாரத்தைச் செலுத்தித்தான் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அந்த உலோகத்தைப் பெற்றார்கள். பின்னாளில் லித்தியத் தகடு வைத்த பேட்டரிக்குள் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் நடந்ததும் அடிப்படையில் இதே வேலைதான்: மின்சாரத்தால் லித்தியத்தை உலோகமாகப் படியவைப்பது.

கத்தியால் நறுக்கலாம், அவ்வளவு மென்மை. எடை தண்ணீரில் ஏறத்தாழ பாதி. காற்றுப் படாமல் காக்க எண்ணெயில் போட்டாலும் மிதக்கும். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கத் துடிப்பதில் அதற்கு ஈடான உலோகம் இல்லை. ஒரு கிராம் லித்தியம் 3,860 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் தரும். இன்றைய ஃபோன் பேட்டரியில் இருக்கும் கிராஃபைட் தருவது 372. பத்து மடங்குக்கும் மேல். இதைப் படித்த எந்த வேதியியலாளருக்கும் லித்தியத் தகட்டையே ஆனோடாக, அதாவது பேட்டரியின் எதிர்முனையாக, வைக்கத் தோன்றியிருக்கும்.

தோன்றியது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், எண்ணெய் நிறுவனமான எக்ஸானிலேயே ஸ்டான்லி விட்டிங்ஹாம் அதைச் செய்தார். ஒரு பக்கம் டைட்டேனியம் டைசல்ஃபைடு, மறுபக்கம் லித்தியத் தகடு. மின்னழுத்தம் இரண்டு வோல்ட்டுக்கு மேல். சூரிய ஒளியில் ஓடும் கடிகாரங்களுக்காக ஒரு சுவிஸ் நிறுவனத்துக்குச் சிறிய அளவில் செய்தும் கொடுத்தார்கள். ஆனால் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பத் தீப்பிடித்தது. அணைக்கத் தேவைப்பட்ட சிறப்பு ரசாயனங்களுக்கு உங்களிடமே பணம் வசூலிப்போம் என்று தீயணைப்புத் துறை எச்சரிக்கும் நிலை வந்தது.

காரணம் தகட்டின் மேற்பரப்பில் இருந்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள மின்பகுளியைக் கடந்து வந்து ஆனோடில் உலோகமாகப் படிகின்றன. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் தகடு நுண்ணளவில் மேடும் பள்ளமுமானது. மேட்டின் நுனியில் மின்புலம் குவிகிறது. மின்னல் இடிதாங்கியைத் தேடி இறங்குவதுபோல அயனிகள் அந்த நுனியையே தேடி வருகின்றன. வந்தவை அங்கேயே படிய, நுனி உயர்கிறது. உயர்ந்ததாலேயே இன்னும் அதிகமாக இழுக்கிறது. இப்படிக் கிளைவிட்டு வளரும் முள்தான் டெண்ட்ரைட்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மின்பகுளியைத் தொட்ட கணமே லித்தியம் அதனுடன் வினைபுரிந்து தன்மேல் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். இஸ்ரேலைச் சேர்ந்த இமானுவல் பெலெட் 1979-இல் விளக்கியபடி, இந்தப் படலம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. நல்ல காவல்தான். ஆனால் அடியில் உலோகம் பருக்கும்போது காவல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் தடை குறைவு, ஆகவே லித்தியம் அங்கேதான் முண்டியடித்து முளைக்கிறது. பேட்டரி தீரும்போது முள்ளின் அடிப்பகுதி முதலில் கரைந்துவிட்டால் மேற்பகுதி தொடர்பறுந்து தனியே கிடக்கும். செத்த லித்தியம் என்பார்கள் அதை. சாகாமல் நீண்ட முள்ளோ, சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள பிரிப்பான் சவ்வைத் துளைத்து மறுமுனையைத் தொட்டுவிடும். உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட், வெப்பம், எரியும் தன்மையுள்ள மின்பகுளி.

கனடாவில், வான்கூவர் அருகே இயங்கிய மோலி எனர்ஜி இந்த ஆபத்தோடுதான் சந்தைக்குப் போனது. லித்தியத் தகடும் மாலிப்டினம் டைசல்ஃபைடும் கொண்ட அதன் பேட்டரிகள் ஜப்பானில் கைபேசிகளுக்குள் ஏறின. 1989-இல் அவற்றில் ஒன்று தீப்பிடித்தது. விற்றதையெல்லாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிறுவனம் நொடித்துக் கைமாறியது. லித்திய உலோகத்தின் பெயர் அதோடு கெட்டது.

1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த பேட்டரியில் லித்தியம் அயனியாக மட்டுமே இருந்தது, கார்பன் அடுக்குகளுக்குள் போய் ஒண்டிக்கொண்டு வெளியே வந்தது. உலோகமே இல்லை; ஆகவே, முறையாகச் சார்ஜ் செய்யும்வரை, முள்ளும் இல்லை. இந்தச் சமரசம்தான் கைபேசி யுகத்தைத் தந்தது, அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் பத்தில் ஒரு பங்குத் திறனுக்கு இறங்கிவந்து பெற்ற பாதுகாப்பு அது.

வெளியேற்றப்பட்ட உலோகத்தை மீட்டுவர முயன்றவர்களில் பலர் முதலில் நினைத்தது சுவரைப் பற்றி. லித்தியம் மென்மையானது, நடுவில் போதுமான விறைப்புள்ள தடுப்பை வைத்தால் முள் மேலே போக முடியாது என்று மன்றோவும் நியூமனும் 2005-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டே ஆண்டில் அதற்கேற்ற பொருளும் கிடைத்தது. ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் மூவரும் 2007-இல் அறிவித்த அது, லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் கலந்த கார்னெட் வகைப் பீங்கான். அயனி அதற்குள் நன்றாக ஓடும், லித்தியம் தொட்டாலும் சிதையாது, விறைப்பிலோ லித்தியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

அதற்குள்ளும் முள் புகுந்தது. துகள்களுக்கு இடையிலான எல்லைகள் வழியாக, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வழியாக, விரிசலைத் தானே அகட்டிக்கொண்டு. இந்தத் தோல்வியை இத்துறையின் மிகப் பெரிய பாடமாக நான் பார்க்கிறேன். முள்ளை எதிரே நின்று மறிப்பதைவிட, அது முளைக்கும் இடத்தைக் கவனிப்பதே வேலை என்று இது காட்டியது.

அப்படிக் கவனித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தினர் 2013-இல் மின்பகுளியில் சிறிதளவு சீசியம் அயனிகளைச் சேர்த்தார்கள். அந்தக் குறைந்த அளவில் சீசியம் உலோகமாகப் படியாது. மேட்டின் நுனியைச் சூழ்ந்து நிற்கும். ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுமல்லவா? வரும் லித்தியம் அயனி நுனியிலிருந்து விலக்கப்பட்டு அருகிலுள்ள பள்ளத்தில் படிகிறது. முள்ளை முளைக்கவைத்த மின்புலத்தையே அதற்கு எதிராகத் திருப்பிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நாக ஃபணி ஏடுகூரி குழு 2022-இல் பார்வையை இன்னும் ஒரு படி பின்னுக்குக் கொண்டுபோனது. பீங்கான் பேட்டரி மின்சாரத்தைச் செலவழிக்கும்போதே, லித்தியம் கரைந்துபோன இடங்களில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. குழியின் விளிம்பில் மின்னோட்டம் நெருக்கியடிக்கிறது. அடுத்த சார்ஜில் முள் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பீங்கானுக்கும் லித்தியத்துக்கும் நடுவே டங்ஸ்டன் அல்லது மாலிப்டினத்தின் மெல்லிய பூச்சு கொடுத்தபோது குழி விழுவது தாமதமானது, முள்ளும் தாமதமானது.

ஷார்ட் ஆகாமல் தப்பித்தாலும் செத்த லித்தியத்தின் கணக்கு தீர்வதில்லை. கூடுதல் லித்தியம் வைக்காத பேட்டரியில், ஒவ்வொரு சுற்றிலும் 99 விழுக்காடு திரும்பி வந்தாலும் 100 சுற்று முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் அளவு இழப்பாகிவிடும். மிஞ்சுவது 37 விழுக்காடு. 1,000 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 99.98 திரும்ப வேண்டும். மின்பகுளியை மாற்றி மாற்றி 99-ஐத் தாண்டிவிட்டார்கள். காரில் வைக்கும் பேட்டரிக்கு, கடும் வெயிலும் உறைபனியும் பார்க்காமல், விரைவாகச் சார்ஜ் ஏற்றும்போதும் மீதியையும் எட்டியாக வேண்டும்.