எம்பரர் அசோகா: பொய் சொன்ன கருவி

1978 ஜனவரி 1 இரவு, ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. 101 வினாடிகளில் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தனர். வெடிகுண்டாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். கடலிலிருந்து எடுத்த கறுப்புப் பெட்டிகளை ஆராய்ந்த பிறகே உண்மை தெரிந்தது.

வலப்புறம் திரும்பிய விமானம் நேராகிவிட்டது. ஆனால் கேப்டன் எதிரே இருந்த சாய்வு காட்டும் கருவி, இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதை நம்பி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். வெளியே இருட்டு, கடலும் வானமும் பிரித்தறிய முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு கருவிகள் இருந்தன. விமானப் பொறியாளர் அதைச் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

பழுதான கருவி, மற்ற கருவிகளைக் கொண்டு விமானத்தை மீட்காதது, இரண்டையுமே விசாரணை குறிப்பிட்டது. கெட்டுப்போன கருவி தானாகச் சொல்லாது. பக்கத்துக் கருவியைப் பார்த்தால்தான் தெரியும்.